முதலில் உருவாவதும் சிஸ், முதலில் மறைவதும் சிஸ்: ஆரோமேட்டிக் டையசோ சேர்மங்களின் வடிவமும் நிலைப்பும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்குச் சாயச் சோதனை நினைவிருக்கும். அனிலீனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, அந்தக் கரைசலைக் காரத்தில் கரைத்த பீட்டா-நாப்தாலில் ஊற்றினால், கண்ணெதிரே செம்மஞ்சள் வீழ்படிவு திரளும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்தக் குளிர்ந்த கரைசலில் உருவாகும் டையசோனியம் உப்பு நிலைப்புத்தன்மை அற்றது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். பாடமும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

கரிம வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த இடத்தில் நின்றுவிட மனம் வருவதில்லை. சோதனைக் குழாயில் அந்தச் சில நொடிகளில், டையசோனியம் அயனியின் நைட்ரஜன் அணுக்கள் இரண்டும் முப்பிணைப்பிலிருந்து இரட்டைப் பிணைப்புக்கு மாறுகின்றன. இரட்டைப் பிணைப்பு வந்தவுடன் வடிவ மாற்றியமும், அதாவது அதே அணுக்களும் பிணைப்புகளும் கொண்டு வடிவத்தில் மட்டும் வேறுபடும் இரு அமைப்புகளும், வந்துவிடுகிறது. பெருந்தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் டிரான்ஸ் மாற்றியமே அதிக நிலைப்புடையது என்று ஆல்கீன்களுக்கு எழுதும் விடையையே மாணவர்கள் இங்கும் எழுதுகிறார்கள். அந்த விடை தவறில்லை. ஆனால் டையசோ சேர்மங்களில் அது மிகச் சிறிய பகுதியையே விளக்குகிறது. தொகுதிகள் ஒரே பக்கத்தில் இருக்கும் சிஸ் வடிவம் ஏன் முதலில் உருவாகிறது, உருவானது ஏன் அவ்வளவு எளிதில் மறைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தொகுதிகளின் பருமனில் இல்லை. நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டையில், அதாவது பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இரட்டையில்தான் இருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

முதலில் டையசோனியம் அயனியைப் பார்த்துவிடுவோம். பீட்டர் கிரீஸ் 1858-இல் டையசோ சேர்மங்களைக் கண்டறிந்தபோது அவற்றின் அமைப்பு யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கெக்குலே இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பும், அதன் முனையில் குளோரினும் இருப்பதாக எழுதினார். 1869-இல் புளோம்ஸ்ட்ராண்ட் இதை அம்மோனியம் உப்பைப் போன்ற ஓர் உப்பாக, வளையத்தை அடுத்த நைட்ரஜனில் நேர்மின்சுமை கொண்டதாக எழுதினார். நீரில் அது மின்சாரத்தைக் கடத்தும் விதமும் மற்ற உப்புப் பண்புகளும் புளோம்ஸ்ட்ராண்டின் பக்கமே சாய்ந்தன. பின்னாளில் எக்ஸ் கதிர் ஆய்வு, கார்பன்-நைட்ரஜன்-நைட்ரஜன் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதையும், நைட்ரஜன்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 1.10 ஆங்ஸ்ட்ராம் என்பதையும் காட்டியது. நைட்ரஜன் வாயு மூலக்கூறில் உள்ள தூரமும் அதுவே. அதாவது, வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அது பெரும்பாலும் நைட்ரஜன் வாயுவாக ஆகிவிட்டிருக்கிறது. நேர்க்கோட்டு அமைப்பாதலால் இந்த அயனிக்குச் சிஸ், டிரான்ஸ் என்ற பேச்சே இல்லை.

ஆல்கைல் டையசோனியம் அயனிகள் கைக்கு அகப்படாமல் உடனே சிதைய, ஆரோமேட்டிக் அயனி பனிக்கட்டியில் தாக்குப்பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வளையத்தின் எலக்ட்ரான்கள் உடனிசைவின் மூலம் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை ஓரளவு வலுவாக்குகின்றன. நைட்ரஜன் வெளியேறினால் மிஞ்சும் ஃபீனைல் நேரயனியோ மிக உயர்ந்த ஆற்றல் கொண்டது. ஆயினும் 29 டிகிரியில் நீர்க்கரைசலில் இருக்கும் பென்சீன் டையசோனியம் அயனியில் பாதி, சில மணி நேரத்தில் ஃபீனாலாக மாறிவிடும். பதிலிகளின் விளைவு இங்கே வியப்பூட்டுவது. வளையத்தில் நைட்ரஜனுக்கு நேர் எதிரே உள்ள பாரா இடத்தில் எலக்ட்ரானை வழங்கும் மெத்தாக்சி தொகுதியை வைத்தாலும் சிதைவு பெரிதும் மெதுவாகிறது. எலக்ட்ரானைக் கவரும் நைட்ரோ தொகுதியை வைத்தாலும் மெதுவாகிறது. மெத்தாக்சி, அயனி நிலையிலேயே கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை இறுக்குகிறது. நைட்ரோ, உருவாக வேண்டிய ஃபீனைல் நேரயனியை இன்னும் உருவாக விடாமல் செய்கிறது. இரண்டு எதிர் வழிகள் ஒரே பலனைத் தருகின்றன. எதிரயனியும் முக்கியம்: உலர்ந்த குளோரைடோ நைட்ரேட்டோ சுரண்டினாலே வெடிக்கக் கூடியது, டெட்ராஃபுளுரோபோரேட் உப்பையோ துத்தநாகக் குளோரைடு இரட்டை உப்பையோ புட்டியில் அடைத்து விற்க முடிகிறது. நாப்தால் சாயமிடுவோர் பயன்படுத்தும் ஃபாஸ்ட் சால்ட்டுகளில் பல இப்படி நிலைப்படுத்தப்பட்ட டையசோனியம் உப்புகளே.

இந்த நேர்க்கோட்டு அயனியின் வெளி முனையில் இருக்கும் நைட்ரஜனில், தன் எலக்ட்ரான் இரட்டையை வழங்கிப் பிணையும் ஒரு கருக்கவர் பொருள் வந்து இணையும்போதுதான் வடிவம் என்ற கேள்வி பிறக்கிறது. கருக்கவர் பொருள் சயனைடு ஆனால் டையசோசயனைடு கிடைக்கும். ஹைட்ராக்சைடு ஆனால் டையசோஹைட்ராக்சைடும், அதிலிருந்து ஒரு புரோட்டான் நீங்கி டையசோடேட் உப்பும் கிடைக்கும். நாப்தாலின் கார்பன் ஆனால் அசோ சாயம் கிடைக்கும். மூன்றிலும் பிணைப்பு இணையும் முறை ஒன்றே. ஆனால் சிஸ் வடிவத்தைக் கண்ணால் பார்க்க முடிவது எவ்வளவு நேரம் என்பது மூன்றிலும் முற்றிலும் வேறு.

டையசோசயனைடுகளையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்தக் குடும்பத்தில் இரண்டு மாற்றியங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கையில் எடுக்க முடிந்த சேர்மங்கள் இவை. ஆர்தர் ஹான்ட்ஸ்ச் 1895-இல் வெளியிட்ட ஆய்வில், பாரா-குளோரோபென்சீன் டையசோனியம் குளோரைடுடன் பொட்டாசியம் சயனைடை உறைநிலைக்குக் கீழே சேர்த்தார். மஞ்சள் வீழ்படிவு கிடைத்தது. அதன் உருகுநிலை 29 டிகிரி. பீட்டா-நாப்தாலுடன் சேர்த்தால் அது உடனே இணைப்பு வினைக்கு உட்பட்டுச் சாயத்தைத் தந்தது. ஆனால் அப்படியே விட்டு வைத்தால் அது தானாகவே வேறொரு பொருளாக மாறியது. இயைபு அதேதான், உருகுநிலையோ 105 டிகிரி, நாப்தாலுடன் இணைப்பு வினையும் இல்லை. சென்னைக் கோடையில் முதல் பொருள் திரவமாகத்தான் இருந்திருக்கும் என்பதை நினைத்தால், அந்தக் குளிர்நாட்டு ஆய்வகத்தில் எவ்வளவு பொறுமையோடு அதைப் படிகமாக வைத்திருந்து உருகுநிலை பார்த்திருப்பார்கள் என்பது விளங்கும்.

ஹான்ட்ஸ்ச் இரண்டையும் சின், ஆன்டி என்று அழைத்தார்; இக்காலத்து வழக்கப்படி நான் சிஸ், டிரான்ஸ் என்றே எழுதுகிறேன். அவருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1890-இல் தம் மாணவர் ஆல்ஃபிரெட் வெர்னருடன் சேர்ந்து, ஆக்சிம்களில் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைச் சுற்றி வடிவ மாற்றியம் உண்டு என்று வாதிட்டவர் அவர். நைட்ரஜனின் மூன்று பிணைப்புகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டியதில்லை என்ற அந்தக் கருத்தை, கார்பனுக்குப் பதில் இன்னொரு நைட்ரஜன் இருக்கும் டையசோ சேர்மங்களுக்கும் அவர் 1894-இல் நீட்டினார்.

அதே 1894-இல்தான் ஜெர்மானியச் சாய நிறுவனமான பிஏஎஸ்எஃப்-இன் ஷ்ராவ்பேயும் ஷ்மிட்டும், பாரா-நைட்ரோபென்சீன் டையசோனியம் கரைசலை வெதுவெதுப்பான காரத்தில் ஊற்றினால் நாப்தாலுடன் இணையாத, நிலைப்புள்ள ஓர் உப்பு கிடைப்பதைக் கண்டிருந்தார்கள். அமிலத்தைச் சேர்த்தால் அதிலிருந்து டையசோனியம் அயனி மீண்டும் கிடைத்தது. அந்த உப்பை மெத்தில் அயோடைடுடன் வினைபுரியச் செய்தபோது மெத்தில் தொகுதி நைட்ரஜனில் சேர்ந்து நைட்ரசமைன் (நைட்ரசோ தொகுதியைத் தாங்கிய அமீன்) கிடைத்தது. எனவே அது நைட்ரசமைனின் உப்பு, அதாவது வேறொரு கட்டமைப்பு, என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஓய்கன் பாம்பர்கரும் இரண்டு உப்புகளும் கட்டமைப்பில் வேறுபட்டவை என்ற பக்கமே நின்றார். ஹான்ட்ஸ்ச்சோ, கட்டமைப்பு ஒன்றே, வடிவம்தான் வேறு என்றார். ஜெர்மானிய வேதியியல் இதழ்களில் ஆண்டுக்கணக்கில் நீடித்த, கடுமையான சொற்களுக்கும் குறைவில்லாத விவாதம் அது. இன்று பின்னோக்கிப் பார்க்கும்போது பாம்பர்கரின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. டிரான்ஸ் டையசோடேட்டை அமிலமாக்கும்போது புரோட்டான் முதலில் நைட்ரஜனில் சேர்ந்து நைட்ரசமைன் வடிவம் உண்மையிலேயே உருவாகிறது. அவர் கண்டது மெய்யான பொருளைத்தான். உப்பின் வடிவத்தை அதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்பதே சிக்கல்.

ஹான்ட்ஸ்ச் எப்படி எது சிஸ் என்று முடிவு செய்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. நிலைப்பற்ற சயனைடு செப்புத் தூள் பட்டவுடன் நைட்ரஜனை விட்டுவிட்டு நைட்ரைலாக மாறியது. வளையமும் சயனைடும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தால்தானே இவ்வளவு எளிதில் ஒன்று சேரும்? ஆகவே அது சிஸ். கேட்பதற்கு மிகவும் இயல்பான வாதம். ஆனால் ஆக்சிம்களில் அவர் இதே 'அருகில் இருப்பது சேரும்' என்ற வாதத்தைக் கொண்டு தந்த வடிவங்களை, 1921-இல் மைசன்ஹைமர் தலைகீழாக்கிவிட்டார். ஆக்சிம்கள் அமைடுகளாக மாறும் பெக்மன் மறுசீரமைப்பில் இடம்பெயர்வது ஹைட்ராக்சில் தொகுதிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் தொகுதியே என்பது நிறுவப்பட்டது. ஒரே தர்க்கம் ஆக்சிம்களில் பொய்த்து, டையசோசயனைடுகளில் மட்டும் சரியான விடையைத் தந்தது. அது சரி என்பது உறுதியாவதற்கு 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ல ஃபெவ்ரும் வைனும் பல டையசோசயனைடு இணைகளின் இருமுனைத் திருப்புத்திறனை, அதாவது மூலக்கூறில் மின்சுமை இரு முனைகளாகப் பிரிந்திருக்கும் அளவை, அளந்தார்கள். வளையத்தில் உள்ள பதிலியின் முனைவும் சயனைடின் முனைவும் கூட்டியோ கழித்தோ சேர வேண்டிய விதம் வடிவத்தைப் பொறுத்தது என்பதால், எந்த வினையையும் நிகழ்த்தாமல் மூலக்கூறின் வடிவத்தை மட்டும் படிக்கும் முறை அது. நிலைப்பற்றது சிஸ், நிலைப்புடையது டிரான்ஸ் என்பது அதில் தெளிவானது. நிலைப்பற்றது ஒருவேளை ஐசோசயனைடாக இருக்கலாம் என்று எழுந்த ஐயத்தையும் 1940-களின் அகச்சிவப்பு நிறமாலை ஆய்வு தீர்த்து வைத்தது.

இனி, சிஸ் ஏன் முதலில் உருவாகிறது என்ற கேள்வி. டையசோனியம் அயனியின் வெளி நைட்ரஜனை நோக்கி சயனைடு ஒரு பக்கத்திலிருந்து வருகிறது என்று கொள்வோம். அது இணைய இணைய, முப்பிணைப்பின் ஒரு எலக்ட்ரான் இரட்டை, வளையத்தை அடுத்த உள் நைட்ரஜனில் தனித்த எலக்ட்ரான் இரட்டையாகத் திரள்கிறது. வந்து சேரும் எலக்ட்ரான்களிடமிருந்து முடிந்தவரை விலகி, எதிர்ப்பக்கத்தில் திரள்வதே அதற்கு ஆற்றல் குறைந்த வழி. உள் நைட்ரஜனில் தனித்த இரட்டை சயனைடுக்கு எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டால், வளையத்துக்கு மிஞ்சுவது சயனைடு இருக்கும் பக்கம்தான். எனவே வளையமும் சயனைடும் ஒரே பக்கத்தில், சிஸ் வடிவத்தில், அமைகின்றன. தொகுதிகளின் பருமனைப் பார்த்தால் இது தவறான பக்கம். எலக்ட்ரான்களின் வழியைப் பார்த்தால் இதுவே இயல்பான பக்கம்.

வினையைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். பிணைப்பை முறித்துக்கொண்டு சயனைடு வெளியேற வேண்டுமானால், உள் நைட்ரஜனின் தனித்த இரட்டை அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும். சிஸ் மாற்றியத்தில் அந்த அமைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆகவே அது எளிதில் டையசோனியம் அயனியாகத் திரும்பிவிடுகிறது. டிரான்ஸ் மாற்றியத்தில் தனித்த இரட்டையும் சயனைடும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. சிஸ் மாற்றியம் நாப்தாலுடன் இணைவதும் டிரான்ஸ் மாற்றியம் இணையாமல் இருப்பதும் இதனால்தான். உண்மையில் நாப்தாலுடன் இணைவது சிஸ் மூலக்கூறு அல்ல, அதிலிருந்து விடுபடும் டையசோனியம் அயனி. இணைப்பு வினையின் வேகம் கரைசலின் அமில, காரத் தன்மையோடு மாறும் விதத்தை ஆராய்ந்து, வினைபுரிவது டையசோனியம் அயனியே என்று 1941-இல் விஸ்டாரும் பார்ட்லெட்டும் காட்டினார்கள். வகுப்பில் இந்த இரண்டு பத்திகளின் பொருளைக் கரும்பலகையில் வரைந்து முடிக்கும்போது, முன்னும் பின்னுமாக ஒரே அம்புக்குறி இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்வதைப் பார்ப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் தருணம்.

டையசோடேட்டுகளிலும் இதே கதைதான், ஆனால் வேகங்கள் வேறு. டையசோனியம் கரைசலைக் குளிர்ந்த காரத்தில் சேர்த்தால் முதலில் சிஸ் டையசோடேட் கிடைக்கிறது. இடையில் வரும் டையசோஹைட்ராக்சைடு கணிசமான அளவில் ஒருபோதும் தேங்குவதில்லை, ஏனெனில் அது உருவாவதைவிடப் புரோட்டானை இழப்பது எளிது. பதிலி இல்லாத பென்சீன் டையசோடேட் டிரான்ஸாக மாறுவதற்குச் செறிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 130 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். பாரா-நைட்ரோ சேர்மத்துக்கோ 50, 60 டிகிரிக் காரமே போதும். நைட்ரோ தொகுதி நைட்ரஜன்களுக்கு இடையிலான எலக்ட்ரான்களை வளையத்தின் பக்கம் இழுத்து, இரட்டைப் பிணைப்பைத் தளர்த்துவதால் மாற்றத்துக்கான தடை குறைந்துவிடுகிறது. ஷ்ராவ்பேயும் ஷ்மிட்டும் தற்செயலாக அந்தச் சேர்மத்தைத் தொட்டிராவிட்டால் இந்த டிரான்ஸ் உப்பு அவ்வளவு விரைவில் கண்ணில் பட்டிருக்காது.

அந்த உப்பின் நிலைப்பைச் சாயத் தொழில் உடனே பயன்படுத்திக்கொண்டது. பிஏஎஸ்எஃப் அதைப் பசையாக விற்றது. சாயப் பட்டறையில் பனிக்கட்டி தேடி அலையாமல், அமிலத்தைச் சேர்த்தவுடன் டையசோனியம் கரைசல் தயாராகிவிடும். பிறகு வந்த ரேபிட் ஃபாஸ்ட் வகை நிறங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. டிரான்ஸ் டையசோடேட்டையும் நாப்தால் வகைச் சேர்மத்தையும் ஒரே அச்சுப் பசையில் கலந்து வைக்கலாம், ஏனெனில் டிரான்ஸ் வடிவம் இணையாது. துணியில் அச்சிட்ட பிறகு அமில ஆவியைக் காட்டினால்தான் டையசோனியம் அயனி விடுபட்டு, இழையின் உள்ளேயே நிறம் பிறக்கும். வினைபுரிய வேண்டிய இரண்டு பொருள்களை ஒரே பாத்திரத்தில் சண்டையின்றி வைத்திருக்க முடிந்தது, ஒரு தனித்த எலக்ட்ரான் இரட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதால்தான்.

மூன்றாவது வகை அசோபென்சீன். இங்கே இரண்டு நைட்ரஜன்களிலும் பென்சீன் வளையமே இருக்கிறது. பிரிந்து போகக் கூடிய தொகுதி எதுவும் இல்லை. ஆகையால் டையசோனியம் வழியாகத் திரும்பும் பாதை அடைபட்டுவிடுகிறது. மிட்ஷர்லிக் 1834-இல் நைட்ரோபென்சீனிலிருந்து அசோபென்சீனைத் தயாரித்தார். அதற்கு இன்னொரு வடிவம் இருப்பது 1937 வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, யாருக்கும் தெரியவில்லை. லண்டனில் ஹார்ட்லி, அசோபென்சீன் கரைசல்களில் தாம் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கவனித்து, கரைசலின் மீது ஒளி பட்டதே காரணம் என்று கண்டுபிடித்தார். ஒளி டிரான்ஸைச் சிஸ் ஆக்கியிருந்தது. அவர் சிஸ் அசோபென்சீனைத் தனியே பிரித்தெடுத்தார். அதன் உருகுநிலை 71 டிகிரி. டிரான்ஸின் உருகுநிலை 68 டிகிரி. உருகுநிலை அதிகமானதே அதிக நிலைப்புடையது என்று பழக்கத்தில் எழுதும் மாணவர்கள் இந்த இரண்டு எண்களையும், டையசோசயனைடின் 29, 105 என்ற எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உருகுநிலை படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்படும் விதத்தைப் பொறுத்தது. மாற்றியத்தின் நிலைப்பை அதிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது.

ராபர்ட்சன் எக்ஸ் கதிர் முறையில் அசோபென்சீனின் படிகங்களை ஆராய்ந்தார். டிரான்ஸ் வடிவம் ஏறத்தாழத் தட்டையானது. சிஸ் வடிவத்தில் இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க, தளத்தை விட்டு ஐம்பது டிகிரிக்கும் மேல் திரும்பி நிற்கின்றன. மூலக்கூறின் இரு கோடிக் கார்பன்களுக்கு இடையே 9 ஆங்ஸ்ட்ராம் இருந்த தூரம் ஐந்தரை ஆங்ஸ்ட்ராமாகக் குறுகுகிறது. டிரான்ஸின் இருமுனைத் திருப்புத்திறன் பூச்சியம். சிஸ்ஸினுடையது 3 டிபை.

இதை எந்தக் கல்லூரியிலும் ஒரு மதியத்தில் காட்டிவிடலாம். டொலுயீனில் கரைத்த அசோபென்சீனில் பாதியைக் கறுப்புத் தாள் சுற்றிய குழாயிலும், மறுபாதியை மொட்டைமாடி வெயிலிலும் வைத்து, சிறிது நேரத்துக்குப் பின் இரண்டையும் சிலிக்கா ஜெல் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் புள்ளியிட்டு, பெட்ரோலியம் ஈதரில் சிறிது டொலுயீன் கலந்த கரைப்பானில் நிறுத்தினால் போதும். இருட்டில் இருந்தது ஒரே மஞ்சள் புள்ளியாக மேலே ஓடிப்போகும். வெயிலில் இருந்ததில் அதே உயரத்தில் ஒரு புள்ளியும், வெகு கீழே, தொடங்கிய கோட்டுக்குச் சற்றே மேலே, இன்னொரு மஞ்சள் புள்ளியும் தெரியும். கீழே நிற்பது சிஸ். முனைவுள்ள மூலக்கூறாதலால் சிலிக்கா அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறமேற்றும் பொருளோ விளக்கோ தேவையில்லை. மாற்றியங்கள் தாமே நிறமுள்ளவை. அசோபென்சீன் நச்சுத்தன்மை உடையது என்பதால் கையுறை மட்டும் கட்டாயம். மாணவர்கள் பாடநூலில் படத்தில் மட்டுமே பார்த்த சிஸ்ஸையும் டிரான்ஸையும் இரண்டு தனிப் புள்ளிகளாகக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இந்தச் சிஸ் மூலக்கூறு டிரான்ஸைவிட ஏறத்தாழ 50 கிலோஜூல்/மோல் அளவுக்கு ஆற்றல் மிகுந்தது. இதே உருவமுள்ள ஸ்டில்பீனில், அதாவது நைட்ரஜன்களுக்குப் பதில் இரண்டு கார்பன்-ஹைட்ரஜன் தொகுதிகள் இருக்கும் சேர்மத்தில், அந்த வேறுபாடு ஏறத்தாழ 20 கிலோஜூல்தான். வளையங்களின் நெருக்கடி மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். சிஸ் அசோபென்சீனில் நைட்ரஜன்களின் தனித்த இரட்டைகள் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்பது இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஆற்றல் வேறுபாடு ஒருபுறம் இருக்க, திரும்பும் வேகம் இன்னொரு கதை. சிஸ் ஸ்டில்பீன் வெறும் வெப்பத்தால் டிரான்ஸாக மாறுவதற்கு ஏறத்தாழ 180 கிலோஜூல் தடையைக் கடக்க வேண்டும். அறை வெப்பநிலையில் அது நடக்காது. சிஸ் அசோபென்சீனுக்கு 95 முதல் 100 கிலோஜூல் போதும். இருட்டில் வைத்தால் சில நாட்களில் பாதி திரும்பிவிடும். ஸ்டில்பீனில் பிணைப்பை முறுக்கி முறிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நைட்ரஜனிலோ தனித்த இரட்டை இருப்பதால், வளையத்தைத் தாங்கும் நைட்ரஜன் நேர்க்கோட்டு நிலை வழியாக மறுபக்கத்துக்குச் சாய்ந்துவிட முடியும்; இரட்டைப் பிணைப்பை முறிக்க வேண்டியதே இல்லை. சாய்வு, சுழற்சி இரண்டில் எது எந்தச் சேர்மத்தில் மேலோங்குகிறது என்பது பதிலிகளையும் கரைப்பானையும் பொறுத்தது.

ஒரு வளையத்தில் அமினோ தொகுதியும் மறுவளையத்தில் நைட்ரோ தொகுதியும் இருந்தால், எலக்ட்ரான்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுபட்டு, நைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்பு ஒற்றைப் பிணைப்பின் சாயலைப் பெறுகிறது. அப்போது சிஸ்ஸின் ஆயுள் நாட்களிலிருந்து நொடிகளுக்கும் அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். நாம் தொடக்கத்தில் சோதனைக் குழாயில் செய்த செம்மஞ்சள் சாயத்தில் நிலைமை இதைவிடத் தீவிரமானது. பீட்டா-நாப்தாலின் ஹைட்ராக்சில் தொகுதி அசோ தொகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதன் ஹைட்ரஜன் நைட்ரஜனுக்கு மாறி ஹைட்ரசோன் வடிவமும் உருவாகிறது. அந்த வடிவத்தில் நைட்ரஜன்களுக்கு இடையே இருப்பது ஒற்றைப் பிணைப்பு. உள்ளிருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பும் டிரான்ஸ் அமைப்பைப் பூட்டி வைக்கிறது. அந்தச் சாயத்தை வெயிலில் வைத்துத் தகட்டில் ஓட்டினால் இரண்டாவது புள்ளி கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

கடந்த சில ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் சிஸ் வடிவத்தை வேண்டுமென்றே நிலைக்க வைக்கின்றன. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் ஹெக்ட்டின் குழுவினர் 2012-இல், இரு வளையங்களிலும் நைட்ரஜனுக்கு அடுத்த நான்கு ஆர்த்தோ இடங்களிலும் ஃபுளூரினை வைத்தார்கள். எலக்ட்ரானைக் கவரும் ஃபுளூரின், நைட்ரஜனின் தனித்த இரட்டைகளின் ஆற்றலைக் குறைத்து அவற்றின் விலக்கத்தைத் தணிக்கிறது. சிஸ்ஸின் அரை ஆயுட்காலம் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 700 நாட்களாக நீண்டது. பதிலி எதுவும் இல்லாத அசோபென்சீனின் சில நாட்களோடு இதை ஒப்பிட்டால், சிக்கல் பருமனில் இல்லை, எலக்ட்ரான்களில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கீசன் பல்கலைக்கழகத்தில் வெக்னரின் குழுவினர் 2015-இல் செய்தது இன்னும் துணிச்சலானது. அவர்கள் இரு வளையங்களின் மெட்டா இடங்களிலும் (ஆர்த்தோவுக்கு அடுத்த இடங்கள்) மூவிணைய பியூட்டைல் என்ற பெருந்தொகுதிகளை வைத்தார்கள். பெருந்தொகுதிகள் ஒன்றையொன்று இடிக்கும் கொள்ளிடத் தடை என்ற வழக்கமான கணக்கின்படி சிஸ் இன்னும் விரைவாக மறைந்திருக்க வேண்டும். மாறாக அதன் ஆயுள் கூடியது; அருகருகே வந்த பெருந்தொகுதிகள் லண்டன் விசைகள் எனப்படும் வலுக்குறைந்த ஈர்ப்பு விசைகளால் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொண்டன.

கீல் பல்கலைக்கழகத்திலிருந்து 2009-இல் வந்த ஆய்வில், சிஸ்ஸுக்கும் டிரான்ஸுக்கும் உரிய இடங்களே மாறிவிட்டன. அசோபென்சீனின் இரு வளையங்களையும் ஆர்த்தோ இடங்களில் இரண்டு கார்பன் கொண்ட பாலத்தால் இணைத்தால், அசோ தொகுதி எட்டு அணு வளையத்துக்குள் அடைபடுகிறது. டிரான்ஸ் வடிவத்துக்கு அந்த வளையத்துக்குள் வசதியாக நீட்டி நிற்க இடமில்லை; அது இறுக்கத்தோடு மடங்கியே இருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இங்கே நிலைப்புடையது சிஸ். ஊதா நிற ஒளி பட்டால் அது டிரான்ஸாகிறது. பச்சை ஒளி பட்டால் உடனேயும், இருட்டில் விட்டால் சில மணி நேரத்திலும் சிஸ்ஸுக்கே திரும்பிவிடுகிறது.